முப்பத்தொரு உரைகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. விசாரணையோ, நகர்மன்றக் கூட்டமோ, காதில் ஹெட்போன், காலடியில் மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பேசியவர் இருமினால் ‘இருமல்’ என்று எழுதுவாள். சக ஊழியர் ஒரு ‘க்’கை விட்டால்கூடத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவள் மகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்த மாதம் பார்த்துத்தான் ‘மேடை டாக்டர்’ உரை அவள் மேசைக்கு வந்தது. அவர் மருத்துவம் படித்தவரில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறிப் பேசப்போய் ஜனங்கள் வைத்த பெயர் அது. “ஊசி போட்ட பிள்ளைங்களுக்கு மூளை மழுங்குது. நான் சொல்லலை, ஆராய்ச்சி சொல்லுது” என்றார். குழைவான குரல். அந்த வரியை அவள் மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள். ஊசி போடவில்லை.

மூன்று வயதில் தட்டம்மை கண்டது. பதினோரு நாள் மருத்துவமனை. பிள்ளை பிழைத்தது, இரண்டு காதும் போய்விட்டன.

“எல்லாம் விதி” என்றான் கணவன்.

“விதிக்கு மைக் பிடிச்சுப் பேசத் தெரியாது” என்றாள் அவள்.

அன்று முதல் அவர் பேச்சு எங்கே கிடைத்தாலும் எடுத்து, தேதி போட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்தாள். யாராவது மடக்கினால், “நான் அப்படிச் சொல்லவே இல்லை, திரிக்கிறாங்க” என்று நழுவுவது அவர் வழக்கம். அந்த வாயை அடைக்க வேண்டும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு உரைகள் சேர்ந்தன. அவர் காட்டிய ஆராய்ச்சி எல்லாவற்றிலும் ஒன்றுதான். பிள்ளைகள் தொகை மட்டும் அறுபதாயிரம், லட்சம், மூன்று லட்சம் என்று ஊதிக்கொண்டே போனது.

நூலகத்தில் சொல்லிவைத்து அந்தக் கட்டுரையை வரவழைத்தாள். மகளைப் பார்த்த குழந்தை மருத்துவரம்மாவிடம் கொண்டுபோனாள்.

“மொத்தம் ஆறாயிரம் பிள்ளைங்கதான். மூளை பாதிப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லைன்னு முடிச்சிருக்காங்க. இதைவிடப் பெரிய ஆய்வுகளும் அதையேதான் சொல்லுது” என்றார் அவர். பிறகு ஒரு வரியில் விரல் வைத்தார். “ஆனா இதையும் நீங்க சொல்லணும். ரெண்டு பிள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்து, சரியாயிருக்கு. அபூர்வமா வரும்.”

“இதைச் சொன்னா அவன் பிடிச்சுக்குவானே டாக்டர்?”

“சொல்லலைன்னா உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?”

வீட்டுக்கு வந்து, தான் எடுத்து எழுதியதில் அந்த வரியைக் கறுப்பு மையால் மறைத்தாள். பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. வேறு தாள் எடுத்து, அந்த வரியோடு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தாள்.

பள்ளிகளில் தடுப்பூசி முகாம் நடத்தலாமா என்று நகர்மன்றம் பொதுமக்கள் கருத்துக் கேட்ட நாளில், விடுப்பு எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடை டாக்டர் “மூன்று லட்சம் பிள்ளைங்க” என்று முடித்ததும் எழுந்தாள்.

“போன மாசம் லட்சம்னீங்க. அதுக்கு முன்னாடி அறுபதாயிரம். கட்டுரையில ஆறாயிரம். முப்பத்தொரு உரையும் இருக்கு. எதுல இருந்து படிக்கட்டும்?”

“திரிக்கிறாங்க!”

“இருமினதுகூட இருக்குங்க.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கட்டுரையை நீட்டி, கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அவளே படித்தாள், வலிப்பு வந்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து. பின்வரிசையில் கைக்குழந்தையோடு நின்றிருந்த பெண், “முன்னாடியே இப்படி ஒளிக்காம சொல்லியிருந்தா நாங்க ஏன் பயப்படப்போறோம்?” என்றாள். முகாம் தீர்மானம் நிறைவேறியது.

அதன்பின் யாரும் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“என் பிழைப்பே போச்சும்மா. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

மகள் அவருக்கு முதுகைக் காட்டியபடி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“அவளைக் கூப்பிடுங்க. திரும்பினாள்னா எல்லாத் தாளையும் கொளுத்திடறேன்.”

அவர் மெல்லக் கூப்பிட்டார். பிறகு உரக்க. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை குரல் உடைந்தது.

“மன்னிச்சிடும்மா.”

“மாட்டேன்” என்று கதவைச் சாத்தினாள்.

“போதுமா உனக்கு?” என்று கணவன் கேட்டான்.

“போதாது” என்றாள். அடுத்த ஊரில் அதே கட்டுரையைக் காட்டி இன்னொருவர் பேசத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிதியை அழுத்தினாள்.