ஞாயிற்றுக்கிழமை மூளை வறுவல்

பிள்ளைகளே, நான் பள்ளியில் படித்தபோது பரீட்சை வந்தால் என் நைனா உத்திரமேரூர் கடைத்தெருவில் ஆட்டு மூளை வாங்கி வருவார். அம்மா மிளகு போட்டு வறுத்துத் தருவார். "துன்னுடா, கணக்கு தானா வரும்" என்று நைனா ஊட்டிவிடுவார். கணக்கு வரவில்லை. அந்த ருசி மட்டும் நாக்கில் நின்றுவிட்டது.

இப்போது நைனாவுக்கு மறதி நோய். என் பெயரே அவருக்கு நினைவில்லை. அவர் நினைவை எப்படியாவது மீட்டுவிடலாம் என்று ஞாயிறுதோறும் நானும் அவருக்கு மூளை வறுவல் கொடுத்தேன். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "வீட்ல இன்னா குடுக்கிறீங்க?" என்றார். சொன்னேன்.

"அய்யய்யோ, கொலஸ்ட்ரால் அதுலதாங்க ரொம்ப ஜாஸ்தி. அது ரத்தக்குழாய்ல படிஞ்சா நெஞ்சுக்கும் ஆகாது, மூளைக்கும் ஆகாது. இருக்கிற மறதியும் மோசமாகலாம். நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

இப்போது மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன். ஞாயிறன்று கறிக்கடைக்குப் போவதில்லை. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறேன். வீடு திரும்பியதும் கீரையும் சோறும் பிசைந்து ஊட்டுவேன்.

போன வாரம் அந்தக் கவளத்தை வாங்கி என் வாயில் வைத்தார். "துன்னுடா, நாளைக்கு உனக்குப் பரீட்சை கீதுல்ல?"

"கீது நைனா" என்று வாங்கிக்கொண்டேன்.