லைட்டு எரியுது, சேட்டா

அந்த வருடம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எனக்குக் கை காட்டாத ஆளே இல்லை. காலை ஆறேகாலுக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பேன். நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஏழு மணிக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் பிந்த முடியாது. அந்த நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இன்னும் எழுந்திருக்காமல் படுத்திருக்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வரும். ஐந்து விரல்களும் குவிந்து, விரிந்து, மறுபடி குவியும். அதற்குப் பிறகுதான் கைக்குரிய ஆள் வருவார். ரப்பர் வெட்டிவிட்டு சைக்கிளில் திரும்பும் ஒருவர், அல்லது மீன்பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு காரோடு ஊரிலிருந்து வரும் ஒரு பெண்.

விரல்கள் சொல்வது ஒன்றுதான்: உன் லைட்டு எரிகிறது, அணைக்க மறந்துவிட்டாய். எங்கள் பக்கத்தில் பகலில் விளக்கெரிய வருகிற வண்டியைக் கண்டால் கை காட்டாமல் போவது மரியாதையில்லை. முன்பின் தெரியாதவனுக்கும் காட்டுவார்கள். பகையாளிக்கும் காட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லைத் தகராறில் என்னோடு பேச்சு வார்த்தை இல்லாத, எங்கள் தோட்டத்தை ஒட்டிய பக்கத்து விளைக்காரர் ஒரு நாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே எனக்கு விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

நான் மறக்கவில்லை என்பதுதான் விஷயம். புது வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்த புதிது அது. விளக்கை அணைக்க வண்டியில் சுவிட்சே கிடையாது. எதிரே வருகிறவன் மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே பார்க்கட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எங்கள் சாலையில் அப்படிப்பட்ட வண்டி வாங்கிய முதல் சிலரில் நானும் ஒருவன். ஆகவே மொத்த சாலையும் என்னைத் திருத்தப் புறப்பட்டது.

எனக்கு ஒரு பாழாய்ப்போன குணம் உண்டு. நான் சரியாகச் செய்துகொண்டிருக்கும் காரியத்தை யாராவது திருத்த வந்தால் தலைக்கு மேலே ஏறிவிடும். முதல் வாரம் எல்லாருக்கும் தலையசைத்தேன். இரண்டாம் வாரம் பார்க்காத மாதிரி போனேன். அது இன்னும் மோசம். பார்க்கவில்லை என்று நினைத்து ஆட்டோக்காரர்கள் கூவத் தொடங்கினார்கள். "சேட்டா, லைட்டு! லைட்டு எரியுது, சேட்டா!" பள்ளிக்கூட பஸ்ஸின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் சின்னச் சின்ன விரல்கள் குவிந்து விரிந்தன. இன்று நினைத்தால் அது எவ்வளவு அழகான காட்சி. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அமரவிளைப் பாலத்தில் நடந்ததை மறக்க முடியாது. எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரிய மனிதர் கை காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. மனிதர் ஸ்கூட்டரைத் திருப்பி, பாலம் தாண்டி வெகுதூரம் என்னைத் துரத்திக்கொண்டு வந்து மறித்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"எவ்வளவு நேரமாட்டு கைய காட்டுதேன். லைட்டு எரியுதாக்கும்."

"புது வண்டி அண்ணே. இது அணையாது. சட்டமே அப்படித்தான்."

அவர் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். நான் சொன்னதை நம்பினார் என்றே தோன்றியது. பிறகு மிகுந்த அன்போடு சொன்னார்: "செரி மக்கா. எண்ணாலும் அணச்சிக்கிடு. பேட்டரி போயிரும்."

அன்று சாயங்காலமே அமரவிளையில் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன். ஒர்க்ஷாப்காரர் என்ன ஏது என்று கேட்கவேயில்லை. கைப்பிடிக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு சுவிட்சைப் பொருத்திக் கொடுத்தார். "புது வண்டி வாங்குன எல்லாவனும் ஒரு மாசத்தில இதுக்காட்டு வாறான் சார்" என்றார். "யாருக்கும் இந்தக் கையக் கண்டா பொறுக்கல்ல."

அடுத்த நாள் காலையில் சாலை என்னை மறந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! பனி, ரப்பர் மரங்களின் சாய்ந்த வரிசை, சர்ச் முற்றத்தில் யாரோ பெருக்கும் ஓசை, வாழைத்தோட்டங்களில் ஈர மண்ணின் மணம். எல்லாவற்றுக்கும் நடுவில் யாருக்கும் தெரியாமல் நான் நழுவிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்தபடி போனார்கள். ரப்பர் வெட்டுகிறவர் போனார், மீன்காரப் பெண் போனாள். அரைத் தூக்கத்தில் மிதப்பது போல இருந்தது. இந்தச் சாலையில் நான் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு.

என் மனைவி நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய இடவழி ஒன்று சாலையில் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் கல்சுவர். காரின் மூக்கை வெளியே நீட்டினால்தான் சாலை தெரியும். அந்த முனைதான் அவளுக்குப் பயம். டிரைவிங் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாகியும் அங்கே வந்தால் உள்ளங்கை வியர்க்கும். என்றாலும் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குத் தானே காரை எடுத்துக்கொண்டு போவாள். வாரத்தில் அந்த ஒரு பயணத்துக்காக வெள்ளிக்கிழமையிலிருந்தே சந்தோஷமாக இருப்பாள். நான் வேலை முடிந்து திரும்புவதும் ஏறத்தாழ அதே நேரம்.

புது வண்டி வந்தபோது அவள் சொன்னாள்: "ஒங்க வண்டின்னா எனக்குத் தூரத்திலயே தெரியும் கேட்டியளா. லைட்டக் கண்டா காத்துக் கெடப்பேன். மத்தவனுவ எங்கயிருந்து வாறானுவன்னே தெரியல்ல."

அப்படிச் சொன்னவளிடம் போய் சுவிட்ச் வைத்த கதையை எப்படிச் சொல்வேன்? விட்டுவிட்டேன். நான்கு மாதம் போனது.

அந்தச் சனிக்கிழமை வெயில் மிக அழகாக இருந்தது. சூரியன் என் முதுகுப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களின் ஊடாக வெளிச்சமும் நிழலும் சாலை முழுக்கப் பாய் விரித்துக் கிடந்தன. நான் மெதுவாகத்தான் வந்தேன். கல்சுவருக்கு இடையில் எங்கள் வெள்ளைக் காரின் மூக்கு தெரிந்தது. ஜன்னலில் அவள் முகம். சர்ச்சுக்குப் போவதற்காகத் தலை சீவி, கொஞ்சம் பவுடர் போட்ட முகம். அவள் என் பக்கம் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே இடது கையைக்கூடத் தூக்கினேன்.

என்னைப் பார்த்தபடியே அவள் காரை வெளியே எடுத்தாள்.

பிரேக்கை மிதித்தேன். காய்ந்த ரப்பர் இலைகளில் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். கண்ணைத் திறந்தபோது காரின் முன்சக்கரம் என் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. முழங்கையில் தோல் போயிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

அவள் இறங்கி ஓடிவந்து சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்தேனே. நேராத்தான பாத்தேன்? ரோடு சும்மா கெடந்து. ஒருத்தரும் இல்ல. நீங்க எங்கயிருந்து வந்திய?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆட்கள் கூடிவிட்டார்கள், என் முழங்கை எரிந்தது. இப்படி எத்தனையோ காரணம் சொல்லலாம். வெட்கம் என்பதுதான் உண்மை. ஒன்றுமில்லை, இலை வழுக்கிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

கார் சாவியை அவள் அன்றே அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு பரிமாறும்போது திடீரென்று நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு அடுத்த கண்ணை மூடிப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். என்னைப் போல ஒரு கோழை அந்த ஊரில் இருந்திருக்க மாட்டான்.

பதினான்காம் நாள், மறுபடியும் ஒரு சனிக்கிழமை, அவள் என்னிடம் சொல்லாமலே பஸ்ஸில் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குடையைக்கூட மடக்காமல் நாற்காலியில் இருந்தாள்.

"கண்ணுல ஒரு கொறயும் இல்லியாம்" என்றாள். "கண்ணாடிகூட வேண்டாமாம்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? கண்ணு நல்லா இருந்தும் ஒங்கள நான் காணல்லங்கி, பின்ன எனக்கு வேற என்னமோ ஆக்கும். கெட்டுன மாப்பிளைய நேரா பாத்துட்டே கார எடுத்திருக்கேன். இனி நான் வண்டியத் தொடப்பிடாது."

அவள் குரலில் அழுகை இல்லை. முடிவு செய்துவிட்டவளின் குரல்.

"லைட்டு எரியல்ல" என்றேன்.

"எப்பம்?"

"அண்ணைக்கு. நான்தான் அணச்சு வச்சிருந்தேன். சுவிட்ச் உண்டு. நாலு மாசமாச்சு."

முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கறுப்பு சுவிட்சைக் காட்டினேன். அவள் குனிந்து அதை விரல்நுனியால் தொட்டாள். போட்டாள். அணைத்தாள். எதற்காக என்று கேட்டாள். எல்லாரும் கை காட்டுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எத்தனை அற்பமான காரணம் என்று என் காதிலேயே விழுந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "விழுந்து கெடந்தப்பமே சொல்லியிருக்கப்பிடாதா?" என்று மட்டும் கேட்டாள். "பதினாலு நாளு நான் என் கண்ணத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன்."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினேன்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள். காரை இடவழியின் முனைவரை கொண்டுபோய் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்தாள். "நீங்க வளவுக்கு அப்பறம் போயி வாருங்க. மொதல்ல லைட்டு இல்லாம. நான் கண்ட ஒடனே ஹாரன் அடிப்பேன்" என்றாள். பரீட்சை நடத்துகிறவளின் முகம்.

அதே வெயில், அதே நிழல். விளக்கில்லாமல் வளைவிலிருந்து வந்தேன். ஹாரன் கேட்கவில்லை. ஓடைக்கு மேலுள்ள கலுங்குப் பாலத்தின் சுவரைத் தாண்டினேன், கேட்கவில்லை. பால் சொசைட்டி பலகையைத் தாண்டினேன். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்களை அகல விரித்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பலா மரத்தடிக்கு, ஏறத்தாழ அன்று நான் விழுந்த இடத்துக்கே வந்த பிறகு ஹாரன் அடித்தது. நான்கு மாதமாக இந்தச் சாலையில் நான் இல்லவே இல்லை என்று சுகமாக நினைத்துக்கொண்டு போனேனே, அது நிஜமாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. எத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் எத்தனை முறை இல்லாமல் போனேனோ.

இரண்டாவது முறை சுவிட்சைப் போட்டுக்கொண்டு வந்தேன். வளைவில் திரும்பி, கார் எனக்கே சரியாகத் தெரிவதற்கு முன்னால், ஹாரன் நீளமாக ஒலித்தது. அவள் கையை எடுக்கவேயில்லை. அருகில் வரும்வரை அடித்துக்கொண்டேயிருந்தாள். பக்கத்து விளைக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அப்போதுதான் அழுதாள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் சுவிட்சைக் கழற்றச் சொன்னேன். "வைக்கச் சொன்னவனுவ உண்டு, கழத்தச் சொன்ன மொதல் ஆளு சார்தான்" என்று சிரித்தார் ஒர்க்ஷாப்காரர். அடுத்த நாள் காலை பனிக்குள்ளிருந்து பழையபடி கைகள் வரத் தொடங்கின. ரப்பர் வெட்டுகிறவரின் கை. மீன்காரப் பெண்ணின் கை. ஒவ்வொரு கைக்கும் நின்று கும்பிடலாமா என்றிருந்தது. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. ஐந்து மணிக்கு வளைவில் திரும்பினேன். நிழலும் வெளிச்சமும் அப்படியே கிடந்தன. கல்சுவருக்கு நடுவில் வெள்ளைக் காரின் மூக்கு. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. ஐந்து விரல்களும் குவிந்து, மெதுவாக விரிந்தன. அவள் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை.

"எரியுது" என்றேன், ஹெல்மெட்டுக்குள், எனக்கு மட்டும் கேட்கும்படி. கண்கள் நிறைந்து சாலை கலங்கியது. அவள் என்னை முதலில் போகவிட்டாள். அதற்குப் பிறகுதான் காரை வெளியே எடுத்தாள்.