அக்காவின் பாதிப் பெட்டி

நாகர்கோவிலில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தால் என் கை சும்மா இருக்காது. அன்றும் ஒரு கேபினெட்டைத் திறந்து மூடினேன், ஒரு விசிறியை ஊதிச் சுழற்றினேன். மதர்போர்டு, பிராசசர், ரேம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் குவித்தேன். முதலிலிருந்து நானே கட்ட ஆசை.

கடைக்காரன் என்னோடு பள்ளியில் படித்தவன். குவியலை ஒதுக்கிவிட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை வைத்தான். “பேர்போன்ஸ். போர்டு, பிராசசர், விசிறி எல்லாம் உள்ளயே மாட்டிருக்கு. ரேமும் டிஸ்க்கும் போட்டா போதும்.”

“பாதி செஞ்சத வாங்கவா?”

“ஏலே, நீ முழுசாக் கட்டி முடிக்கதுக்குள்ள ஒனக்க அக்கா வேலைலேருந்து ரிட்டயர் ஆயிருவா.”

கணினி அக்காவின் வேலைக்குத்தான். வளைகுடா ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று நின்று முட்டி தேய்ந்து வந்தவள். இப்போது வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங், நோயாளிக் குறிப்புகளைக் குறியீடாக்கும் வேலை. திங்கள் காலை கணினி ஓடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

கூட வந்திருந்த அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவியபடி சிரித்தாள். “கல்யாணத்துக்கு மொத நாள் காய் வெட்ட நீ எத்தன வீட்டுக்குப் போயிருக்க? ஊரே கூடி வெட்டுச்சுன்னு எந்த வீட்டுக்காரனாவது அது தன் வீட்டு அவியல் இல்லன்னு சொன்னானா?”

போன முகூர்த்தத்துக்குக்கூடப் பந்தலில் உட்கார்ந்து, விரலில் வாழைக்காய்க் கறை ஏற, அவியலுக்கு நறுக்கியவன் நான்.

பேர்போன்ஸையும் ஒரு டிஸ்க்கையும் வாங்கினோம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ரேமாவது நான் பொறுக்கியதாக இருக்கட்டும் என்று என் குவியலிலிருந்து அதை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை, பூதப்பாண்டி வீட்டில், பெட்டியைத் திறந்தேன். ரேம் உள்ளே போகவில்லை. நீளம். கூட வந்த தாளைப் பார்த்தால், அந்தச் சின்னப் பெட்டிக்கு லேப்டாப்பில் போடும் குட்டை ரேம்தான் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். அதுதான் சுட்டது.

கடைக்காரனுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். கடைசியில் எடுத்தான்.

“சர்ச்ல இருந்தேம்டே. என்ன, நீளமா இருக்கா? அது பெரிய கேபினெட்டுக்குள்ளதுலா! நானும் பாக்காம விட்டுட்டேன். இரி, கடையத் தொறந்து எடுத்துட்டு வாறேன்.”

ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை காற்றில் உப்ப, வயல் நடுவே பைக்கில் வந்தான். குட்டை ரேம் ‘டிக்’கென்று உட்கார்ந்தது. திரை விழித்தது. அக்கா அவனைச் சாப்பிடாமல் போக விடவில்லை.

“அவியல் யாரு வச்சதுக்கா?”

“நான்தான். காய் கடைல வெட்டி வாங்குனது,” என்றாள், என்னைப் பார்த்தபடி.

திங்கள் காலை அவள் பின்னால் நின்று பெட்டியின்மேல் கை வைத்தேன். இளஞ்சூடு. எந்த ஊரிலோ, எந்தப் பந்தலிலோ உட்கார்ந்து இதற்குள் திருகாணி முடுக்கிய கைகளை நினைத்துக்கொண்டேன். நல்லா இருக்கட்டும் அவர்கள்.

“ஓடுதாக்கா?”

“ஓடுது. போ அங்க, டூட்டி நேரம்,” என்றாள், திரும்பாமலே.