பச்சை நாற்காலியை யாரும் கேட்கவில்லை

வாடகைக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை சீக்கிரம் குறைந்துவிடும். தன் வீட்டு அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே கை, வாடகை அண்டாவை அடிக்கரியோடு திருப்பி அனுப்பும்.

பெரிய காஞ்சிபுரத்தில் அண்டா, ஜமக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, மடக்கு நாற்காலி எல்லாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கடை ஒன்றில் நான் கணக்குப்பிள்ளை. அது பேர்தான். பொருளைக் கொடுப்பது, வந்ததில் நசுங்கல் பார்ப்பது, வராததைத் தேடி வீடு வீடாக அலைவது எல்லாம் நான்தான். இந்தத் தொழிலில் கால் தேய்ந்த சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

கடையில் இரண்டு சட்டம் இருந்தது. கடைக்குத் தெரிந்த ஒருவர் "இவங்களுக்குக் கொடுக்கலாம்" என்று சொல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது. இது முதலாளி போட்டது. கடைப் பொருள் எதுவும் என் வீட்டுப் படி ஏறாது. இது நானே எனக்குப் போட்டுக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்த கணக்குப்பிள்ளை மைத்துனி வளைகாப்புக்கு ஒரு பித்தளைத் தாம்பாளத்தைச் சொல்லாமல் கொண்டுபோய் வேலையைப் பறிகொடுத்தவர். அந்தக் கதையைத் தெருவே இன்னும் சொல்லிச் சிரிக்கும். என்னைப் பற்றி அப்படிச் சிரிக்க நான் இடம் கொடுப்பதாக இல்லை.

ஆடி மாதத்துக்கு ஒரு வியாபாரம்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும், முதலாளி விசிறியோடு உட்கார்ந்திருப்பார். அப்படி ஓர் ஆடியில் மெட்ராஸ் போனவர், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான் ஏலத்தில் உயரமான குழந்தை நாற்காலி ஒன்றை எடுத்து வந்தார். பால் மறக்கடித்துச் சோறு பழக்கும்போது குழந்தையை உட்கார வைப்பதற்காம். ஒல்லியான பளபளக்கும் கம்பிக் கால்கள், சிவப்பு ரெக்ஸின் மெத்தை, முன்னால் கிண்ணம் வைக்க ஒரு தட்டு. பார்க்க அழகுதான். கை வைத்தால் ஆடும்.

ஒன்று போதாது என்று, அதைப் பார்த்து இன்னொன்று செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி அந்தக் கம்பிக் காலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு வேப்பம்பலகையில் ஒன்று அடித்துக் கொண்டுவந்தார். கால்கள் நாலு பக்கமும் அகண்டிருக்கும், தட்டைக் கழற்றிக் கழுவலாம், இடுப்புக்குத் தோல் வார் உண்டு. ஏதோ ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டையும் பூசியிருந்தார். நிறுத்தினால் எருமை மாதிரி நின்றது. இதையெல்லாம் எவன் வாடகைக்கு எடுப்பான் என்று முதலாளியைக் கேட்டேன். அவர் விசிறியை நிறுத்தாமல் சொன்னார்: "கல்யாணத்துக்குத்தாம்பா ஆடி, மார்கழி. கொழந்த வயித்துக்கு இன்னா மாசம்?"

கரை பொருந்தவில்லை

முதலில் வந்தது ஒரு பட்டு ஜவுளிக்கடை வீட்டு மருமகள். முதல் குழந்தைக்கு முதல் சோறு, பிறந்த வீட்டிலிருந்து காரில் ஆட்கள் வருகிறார்கள். பச்சை நாற்காலியை, ஈரத்தரையில் கால் வைத்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கடந்து போனார். இது ஆடாதும்மா, தட்டைக் கழற்றிக் கழுவலாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. கூட வந்த வேலைக்காரம்மாளின் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துச் சிவப்பு நாற்காலியின் மேல் விரித்தார். மாம்பழ உடல், அரக்குக் கரை.

இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் உடல், கரை, முந்தி என்றுதான் பார்ப்பார்கள். நாற்காலியின் சிவப்பு மிளகாய்ச் சிவப்பாம், தன்னுடைய கரை அரக்காம், பக்கத்தில் நின்றால் இரண்டும் அடித்துக்கொள்ளுமாம். குழந்தைக்கு எத்தனை மாதம், கழுத்து நின்றுவிட்டதா என்று கேட்டேன். அவர் வேலைக்காரம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள்தான் பதில் சொன்னாள்.

கடைசியில் அரக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். வெல்வெட்டில் உட்கார வைத்தால் குழந்தை வழுக்கும் என்று சொல்ல நான் யார்? நாற்காலி திரும்பி வந்தபோது அதில் ஒரு பருக்கை கிடையாது. குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டேன். அந்த மருமகள் சொன்னது: "அது எங்க ஒக்காந்துது, அழுதுக்கினே இருந்துது. போட்டோதான் கருப்பு வெள்ளையில வந்துட்டுது, இல்லன்னா அந்த அரக்கு எவ்ளோ எடுப்பா இருந்திருக்கும் தெரியுமா?"

தறிக்கால் கட்டு

இதே நாட்களில் என் வீட்டிலும் சோறு பழகுகிற வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் என் அண்ணனின் தறி. குழித்தறி, நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். என் மனைவி தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். அண்ணன் காசு வாங்கவோ ஜரிகை வாங்கவோ வெளியே போனால் குழி திறந்து கிடக்கும், ஓர் ஆள் இடுப்பளவு ஆழம். குழந்தை தவழத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு உலகத்தில் வேறு இடமே கிடையாது. நேராகக் குழியை நோக்கித்தான் போகும்.

அதனால் தெய்வானை பழம்புடவையைக் கயிறாக முறுக்கி, ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறு முனையைத் தறிக்காலிலும் கட்டிவிட்டு ராட்டை சுற்றுவாள். ஊட்ட வேண்டிய நேரத்தில் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கிண்ணம். பாதிச் சோறு நூலில் விழும். பட்டில் பருக்கை பட்டால் அண்ணன் சும்மா இருப்பாரா? அவர் அவளைப் பேசுவார், அவள் என்னைப் பேசுவாள்.

கடையில் சும்மா கிடக்கும் நாளிலாவது ஒரு நாற்காலியைக் கொண்டுவரக்கூடாதா என்று கேட்டாள். என் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். தாம்பாளக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சேர் அனுப்பற உத்தியோகம். சொந்தப் புள்ளைக்கு மாடு கட்டற முடிச்சு. நல்லாருக்குது."

உட்காரத் தெரியாத பையன்

செவிலிமேட்டில் புதுசாக வீடு கட்டிக்கொண்டு குடிவந்த ஓர் அதிகாரி. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அவர் சொல்லாமல் இருந்த நாள் கிடையாது. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தோடு வந்தார். படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இதே மாதிரி ஒல்லிக்கால் நாற்காலியில் ஸ்பூனும் கையுமாகச் சிரித்தது.

"சார், பையன் துடியா இருந்தா பச்சையை எடுங்க. அதுல வார் இருக்குது" என்றேன். பச்சை மாட்டுக்கொட்டகைக்குத்தான் சரிப்படும் என்றார். சிவப்பு நாற்காலி ஜட்காவில் ஏறிப் போயிற்று.

சில நாள் கழித்து, கால் கோணிவிட்டது, வந்து பார் என்று ஆள் அனுப்பினார். போனேன். சாப்பாட்டு மேஜை பக்கத்தில் நாற்காலியைப் போட்டிருக்கிறார்கள். பையன் இரண்டு காலையும் மேஜையில் ஊன்றி ஓர் உதை விட்டிருக்கிறான். நாற்காலி மல்லாந்துவிட்டது. பின்னால் சுருட்டி வைத்திருந்த மெத்தை இருந்ததால் பையன் அதன் மேல் விழுந்து பிழைத்தான். மெத்தை ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால் சிமென்ட் தரை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வீட்டில் அதே வயதில் ஒன்று இருக்கிறவனுக்கு வேர்க்காதா? அதிகாரிக்கு ஒன்றும் வேர்க்கவில்லை. கோணிய காலைத் தடவிக்கொண்டே பெருந்தன்மையாகச் சொன்னார்: "சேர் மேல தப்பு இல்லப்பா. எம் பையனுக்குத்தான் டீசன்ட்டா ஒக்காரத் தெரியல."

சிங்க வாகனம்

இவர் ஒரு கட்டட மேஸ்திரி, நாலு காசு பார்த்தவர். ஊரில் யாரிடமும் இல்லாத மாதிரி வேண்டும் என்று நிமிர்த்திய கால்களோடு இருந்த சிவப்பையே கேட்டார். அவருடைய மச்சான் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். மச்சான் சும்மா இருப்பாரா? அட்டையிலும் கட்டையிலும் ஒரு சிங்க முகம் செய்து, உருட்டு விழியும் கோரைப்பல்லும் தீட்டி, நாற்காலிக்கு முன்னால் கட்டிவிட்டார். பின்னால் வால் வேறு.

கெடு முடிந்தும் பொருள் வராததால் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே நாற்காலி. சிங்கத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் கதம்பம். எதிரில் குத்துவிளக்கு எரிகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். யாருக்காக எடுத்தார்களோ அந்தப் பிள்ளை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, சிங்கத்தைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. ரசஞ்சோறு கன்னத்தில் வழிந்தது. ஏன் ஐயா இது என்றேன். மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாமி வாகனத்த எச்சில் பண்ணக் கூடாது பாரு. அதான் புள்ளைக்குக் கீழயே ஊட்டிடறோம்."

தலைவர் ஏறிய உயரம்

திருப்புட்குழியிலிருந்து ஒரு பெரியதனக்காரர், விவசாயம் பாதி, கட்சி பாதி. பேரனுக்கு என்று சொல்லி, பச்சையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிவப்பைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த நாற்காலியின் ரெக்ஸினில் ஆணி ஓட்டைகள், காய்ந்த சம்பங்கி, ஊதுவத்திச் சூடு. விசாரித்தால், ஊர்க்கூட்டத்தில் தலைவர் படத்தை வைக்க மேஜை குள்ளமாக இருந்ததாம், இது வாட்டமாக அமைந்துவிட்டதாம். பேரன் என்ன ஆனான் என்றேன். அவருக்கு என் கேள்வி விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று: "அவன் தினம் துன்றான்பா. தலைவரு படத்துக்கு வருசத்துல ஒரு நாள்தானே மாலை போடறோம்?"

பரண் மேலிருந்து பார்த்தது

ஒரு மத்தியானம் நான் பரண் மேல் ஏறிக் கரண்டிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே முதலாளி மட்டும். பச்சை நாற்காலி வழக்கம்போல மூலையில் நின்றது, அதன் மேல் யாரோ கயிற்றுச் சுருளை வைத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். குரலைக் கேட்டதும் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கடைப் பக்கம் வரக்கூடாது என்று நான் தெய்வானையிடம் சொல்லி வைத்திருந்ததால் முதலாளி அவளைப் பார்த்ததே இல்லை.

"சோறு ஊட்டற சேர் இருக்குதாமே, பாக்கணுங்க."

முதலாளி விசிறியால் சிவப்பைக் காட்டினார். தெய்வானை அதன் ஒரு காலைத் தன் பாதத்தால் தள்ளிப் பார்த்தாள். ஆடிற்று. மெத்தைத் தையலுக்குள் விரலை விட்டாள். எந்தக் காலத்துப் பருக்கையோ ஒன்று வந்தது. தானாகவே மூலைக்குப் போய், கயிற்றுச் சுருளை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பச்சையைத் தள்ளினாள். அசையவில்லை. பலமாகத் தள்ளினாள். அசையவில்லை. தட்டைக் கழற்றி மாட்டினாள், வாரை இழுத்துப் பார்த்தாள். குழந்தையை உட்கார வைத்தாள். குழந்தை இரண்டு கையாலும் தட்டை அடித்துச் சிரித்தது.

"கலர் பாக்கலியாம்மா? எல்லாரும் சேப்புதான் கேக்கறாங்க" என்றார் முதலாளி.

"கலர் இன்னாங்க செய்யப் போவுது. காத்தால முடிச்சு அவுந்து, இது குழி வரைக்கும் போயிட்டுது. தலையும் மாரும் உள்ள தொங்குது. நான் தாவிக் காலப் புடிச்சி இழுத்தேன். இன்னொரு தடவ புடிப்பேனோ மாட்டேனோ."

நான் பரணின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். காலையில் நான் கடையில் அண்டா நசுங்கல் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

முதலாளிக்கு மனசு இளகியது தெரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம். கடையில யாரையாச்சும் தெரியுமாம்மா, தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லாம பொருள் குடுக்கறதில்ல என்றார். தெய்வானை அப்போதுதான் நிமிர்ந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்கு வந்தபோதே தெரிந்திருக்கிறது. கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள்: "மேல நிக்கறாரே, அவரத் தெரியும். ஆனா எனக்காக அவரு சொல்ல மாட்டாருங்க."

திரும்பி வராத பொருளைத் தேடிப் போய்க் கேட்பதுதான் என் உத்தியோகம் என்றாலும், அன்று நானே தோளில் சுமந்துகொண்டு போய்த் தறிப் பக்கத்தில் வைத்த அந்தப் பச்சை நாற்காலியைத் திருப்பிக் கேட்க மட்டும் இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.