அக்கா கிழக்கு நோக்கிப் படுத்திருக்கிறார்

அக்காவை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் பணிவான வணக்கம். தொற்றுநோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நீங்கள் யாரும் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அதனால்தான் இந்த நினைவு மலர் இவ்வளவு தாமதமாக வருகிறது. நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனாலும் அன்று கைப்பேசியில் நீங்கள் பார்த்ததைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அன்று நடந்ததால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா சிரம்பானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தார். அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தை. அக்காவின் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. என்னைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அப்பாவோடு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போவார். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். தோட்டம் கைமாறியதும் மம்பாவ் வந்தோம். செண்டாயானில் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பாத்திரம் கழுவினார். எனக்காகவே வரன்களைத் தட்டிக்கழித்தார் என்று பெரியவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியலில் தோட்டத்துக் கல்லறைக்குப் போய்ப் பாடுவது எங்கள் சபை வழக்கம். அங்கே எல்லாரையும் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் அடக்கம் செய்திருப்பார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்த ஆண்டு ஆலயம் மூடியிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, பின்னறையில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவேன்.

“ஏன்டா அழுவுற? கல்லு வச்சு அடைச்ச எடத்துலருந்தே ஒருத்தரு வெளிய வந்துட்டாரு. இந்தப் பலகக் கதவு பெருசா?” என்பார் அக்கா.

“ஒரு ஆளும் வந்து பாக்கலியே, அக்கா.”

“அவரு எந்திரிச்சப்ப மட்டும் கூட்டமா இருந்துச்சு? இங்க பாரு, என்னிய புதைக்கறப்ப காலு கெழக்க இருக்கணும். அவரு வர்றப்ப முதுகக் காட்டிக்கிட்டு நிக்க முடியுமா?”

“பேசாம படுங்க.”

“சரின்னு சொல்லுலா!”

சரி என்றேன். இரண்டு நாளில் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பிறகு நான் அக்காவை உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கத்துக்குச் சிலருக்குத்தான் அனுமதி கிடைத்தது. போதகர் கைப்பேசியில் ஜெபித்தார். பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் தம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்புப் போட்ட தொழிலாளர்கள் பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பார்த்தேன், தலைப்பக்கம் கிழக்கே இருந்தது.

“பாங், பாங்…” என்று அவர்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டேன். தலை எங்கே, கால் எங்கே என்று மலாயில் சொல்லப் போய்க் குழறிவிட்டேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கயிற்றை விட்டார்கள். வேறு வழி தெரியவில்லை. குழிக்குப் பக்கத்தில், சேற்றில், தலை மேற்கே கால் கிழக்கே நீட்டிப் படுத்துவிட்டேன்.

“ஐயோ, தம்பி விழுந்துட்டான்லா!” என்று முனியாண்டி அண்ணன் கத்தினார். கைப்பேசியில் நீங்களும், “தூக்குங்க, தூக்குங்க!” என்று அலறினீர்கள். நான் எழுந்து உட்கார்ந்து கிழக்கைக் காட்டினேன். மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்தேன். அவர்களுக்குப் புரிந்தது. பெட்டியை மேலே இழுத்துத் திருப்பினார்கள்.

மயங்கிவிட்டான் என்றீர்கள். குடித்திருந்தான் என்றும் பேச்சு வந்தது. அக்கா மானமாக வாழ்ந்தவர். அவருடைய அடக்கத்தில் நான் எல்லாரும் பார்க்கச் சேற்றில் புரண்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நான் வராததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு எதிரே மழை மேகமும் செம்பனை மரங்களும்தான் இருந்தன. அக்கா எழும்போது இந்தப் பக்கம்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அழுகை நின்றுவிட்டது. அதுவரை ‘மரித்தோர் எழுவார்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லிவந்தவன் நான்.

கதவோரம் கஞ்சி வைத்துப் போன முனியாண்டி அண்ணன் குடும்பத்துக்கும், போதகருக்கும், அக்காவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்த மருத்துவமனைத் தாதியருக்கும் நன்றி. அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் என் முதுகுச் சேற்றைத் தட்டிவிட்டார். எதிரே வந்தாலும் எனக்கு அவரை அடையாளம் தெரியாது. கர்த்தர் அவரை அறிவார்.

இன்று சாப்பாட்டுப் பந்தியில் நானும் உட்காருவேன். சேற்றில் கிடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டாம். அக்காவைப் பற்றிக் கேளுங்கள், பேசுகிறேன்.