ஏழு மணி போட்டோ

மழைக்காலத்தில் சகாயராணி எந்த ஜாக்கெட்டையும் ஒரே மூச்சில் தைத்து முடித்ததில்லை. ஒரு தையல் ஓட்டுவாள்; எழுந்து பக்கத்திலிருக்கும் தரைப்பாலத்துக்குப் போவாள்; செல்போனில் தண்ணீரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். வில்லியனூர் போகும் இருநூறு பேர் அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறார்கள். போன ஐப்பசியில் ஒரு கர்ப்பிணியை ஏற்றிய ஆட்டோ பாலம்வரை வந்து திரும்பி, இருபது கிலோமீட்டர் சுற்றிப் போனது. குழு அதற்கு மறுநாள் தொடங்கியது.

அன்று காலை ஏழு மணிக்குப் படத்தோடு எழுதினாள்: "தண்ணி ஏறல. போலாம்." ஒன்பது மணிக்குப் பாலத்தின்மேல் முழங்காலளவு வெள்ளம். பழைய படத்தை அழித்தாள். "யாரும் வராதீங்க" என்று போட்டாள். வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை.

சிவப்புப் பட்டுத் துணியோடு அளவு கொடுக்க வந்திருந்த தனக்கொடி சிரித்தாள்.

"இன்னாடி, ஸ்டூல்ல முள்ளா இருக்குது? பாலந்தான் ஓகேன்னு எங்க தெரு குரூப்புல வந்துட்டுதே."

"எங்க காட்டு."

அவள் அழித்த அதே படம். ஓரத்தில் அவளுடைய சைக்கிள். கீழே யாரோ சேர்த்திருந்தார்கள்: 'இப்ப எடுத்தது.'

அளக்க வாங்கிய பட்டுத் துணியைக்கூடக் கீழே வைக்காமல் சகாயராணி பாலத்துக்கு ஓடினாள். எதிர்க்கரையில் ஓர் ஆட்டோ சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இரண்டு தலைகள். துணியை விரித்துத் தலைக்குமேல் வீசினாள். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டு நின்றது. ஓட்டுநர் பிரிட்டோ எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"இன்னாக்கா? போட்டோவுல தண்ணியே இல்லியே!"

"அது ஏழு மணி போட்டோடா! திருப்புடா வண்டிய!"

ஆட்டோ பின்னால் ஏறிப் போனது. இன்னும் எத்தனை போனில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கிறதோ!

பின்னாலேயே வந்த தனக்கொடி, "எம்பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டுடி அது!" என்றாள்.

சகாயராணி இடுப்பிலிருந்து அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்துப் பாலத்துக் கல்லில் மணியை எழுதினாள். ஈரத்தில் எழுத்து நிற்கவில்லை. பட்டின் நனையாத மூலையில் பெரிதாக எழுதினாள்: 9.25.

"இந்தா, ரெண்டு முனையும் புடி. தண்ணிக்கு முன்னால நில்லு."

"சாக்கட்டிக் கறை போவுமாடி?"

"போவும். அசையாத."

திட்டிக்கொண்டே தனக்கொடி பிடித்தாள். சகாயராணி படம் எடுத்துக் குழுவில் போட்டாள். எதிர்க்கரையில் மறுபடி ஒரு வண்டிச் சத்தம். சகாயராணி துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.