பின்கண்ணாடிக்கு ஒரு ஃபிலிம்

வெயில் ஆகாது என்று மதுரை டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் தங்கை பகலில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். வெயில் பட்டால் கன்னத்திலும் மூக்கிலும் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வலிக்கும், காய்ச்சலில் படுத்துவிடுவாள். மாத்திரையில் நோய் அடங்கித்தான் இருந்தது. பயம் அடங்கவில்லை. மழலைப் பள்ளி டீச்சர் வேலையை விட்டாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் தலைகாட்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீடே கதி என்று ஆகிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன் என்றாள்.

"மத்தியானம் கெளம்பணும். மதுர வரைக்கும் முதுகுலதான் வெயில் அடிக்கும். நீ போய் மாத்திரைய மட்டும் வாங்கிட்டு வாக்கா."

நான் ராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போனில் கேட்டேன். முன்கண்ணாடி ஓரளவுக்குத் தாங்கும், மற்றவற்றுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுங்கள் என்றார். சட்டம் அனுமதிக்கிற வெளிர் ரகமே கடையில் கிடைத்தது. பக்கத்துக் கண்ணாடிகளுக்கு அங்கேயே ஒட்டிக் கொடுத்தார்கள். பின்கண்ணாடிக்கு வந்ததும் கடைக்காரர் கையை விரித்தார். வளைந்த கண்ணாடிக்கு ஒட்டத் தெரிந்தவர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். வர ஒரு வாரமாகும். எங்களுக்கோ திங்கட்கிழமை ஆஸ்பத்திரி.

"நீங்களே ஒட்டிப் பாருங்கம்மா. அவசரப்படாம செஞ்சா வந்துரும்" என்று முறையைச் சொல்லி, சூடு காட்டும் ஹீட் கன்னையும் தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டையையும் இரவல் கொடுத்தார். ஃபிலிமை மட்டும் ரெண்டு கண்ணாடிக்கு ஆகிற மாதிரி வெட்டினார். "ஒண்ணு வீணாப் போகும்" என்றார் சாதாரணமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை வீட்டுத் தகரக் கொட்டகையில் காரை நிறுத்தினேன். புழுதி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். அவள் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஷாம்பு கலந்த தண்ணீரை அடித்து ஃபிலிமை விரிக்க வேண்டும். வளைவில் அது படியாமல் மடிப்பு மடிப்பாக எழும்பி நிற்கும். சூடு காட்டி, பட்டையால் நீவிக்கொண்டே வந்தால் மடிப்பு சுருங்கிக் கண்ணாடியோடு அடங்கும். அதன் பிறகுதான் ஓரம் வெட்டி, பின்தாளை உரித்து, உள்பக்கம் ஒட்டுவது. வெளிவேலை எனக்கு நன்றாகவே வந்தது. உள்பக்கத்தை எங்கள் கம்பெனித் துணியால் துடைத்துவிட்டு ஒட்டினேன். வெளியே வந்து பார்த்தால், கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல்பிசிறு.

ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏக்கா, கண்ணாடிக்குக் கட்டுப் போட்டுருக்கியா?"

அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உரித்து எடுக்கையில் ஃபிலிம் கசங்கிப் போனது.

இரண்டாவது ஃபிலிமைச் சூடு காட்டி முடித்தபோது, அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"தள்ளு. உள்ள நான் ஒட்டுதேன். ஒன் ஒடம்புக்கு அந்தச் சீட்டுல மடங்கி உக்கார முடியாது."

"கொட்டகை அம்புட்டும் அனலா இருக்குட்டி."

"வெயில் இல்லல்ல? பொறவென்ன?"

துணியே வேண்டாம் என்று, ரப்பர் பட்டையால் மட்டும் கண்ணாடியை வழித்துச் சுத்தம் செய்தாள். நான் உரித்துக் கொடுத்த ஃபிலிமை உள்ளே வாங்கி, தண்ணீரில் வழுக்கவிட்டு நேராக்கினாள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினாள். பனி படியாமல் சூடேற்றக் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிகளைக் கீறிவிடாமல், கோட்டோடு கோடாகத் தள்ளினாள். எங்கே குமிழ் இருக்கிறது என்று நான் வெளியிலிருந்து சொன்னேன்.

"எடது பக்கம், மேல."

"ஒனக்கு எடதா, எனக்கு எடதா?"

ரெண்டு தடவை குழம்பிய பிறகு, பேசாமல் குமிழ் இருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவள் உள்ளிருந்து என் விரலைப் பார்த்துப் பட்டையை நகர்த்தினாள். நான் விரலை ஓரத்துக்கு இழுக்க, குமிழும் கூடவே வந்து வெளியேறியது. அப்படியே கண்ணாடி முழுவதும் போனோம். கீழ் மூலையில் மட்டும் மங்கலாகக் கொஞ்சம் ஈரம் நின்றது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "காயக் காயத் தெளிஞ்சிரும், நோண்டாதீங்க" என்றார்.

வேலை முடிந்தும் அவள் இறங்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"ஏட்டி, தலை சுத்துதா?"

"இல்லக்கா. செத்த நேரம் ஓட்டிப் பாரேன்."

வன்னியம்பட்டிப் பக்கம் மெதுவாக ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் வெயில் பின்கண்ணாடி வழியே அவள் கழுத்தில் விழுந்தது. துப்பட்டாவை இழுத்து மூடினாள். நான் அதே வேகத்தில் ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். துப்பட்டா தோளில் கிடந்தது. வயலில் நாற்று நடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் போன் செய்தாள். "மொகத்துல ஒண்ணும் வரல. எத்தன மணிக்கு வார?"

டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரையைச் சற்றுக் குறைத்தார். முழுக்கைச் சட்டையையும் வெயிலுக்குப் பூசும் களிம்பையும் விடக் கூடாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே கிடக்கவும் கூடாது என்றார். திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் பொழுது சாய்ந்திருந்தது. ஒரு டீக்கடையைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். நான் சாவியை எடுப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி நடந்தாள்.

"எனக்கு ரெண்டு வடை" என்று அவளே கடைக்காரரிடம் சொல்வது கேட்டது.